ஃப்ரீட்ரிக்கின் மலைகளும் நடுவில் நிற்கும் காற்றும்

ஹாம்பர்க் கலைக்கூடத்தில் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத ஓவியம் ஒன்று இருக்கிறது. பாறை உச்சியில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. 1818 வாக்கில் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் வரைந்தது. அதில் பல கிலோமீட்டர் தூரம் தெரிகிறது. தூரத்தைக் காட்டப் பாதையோ வீடுகளோ கிடையாது. வேலையைச் செய்வது காற்றுதான்.

காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. கருத்த மலைக்கும் நமக்கும் நடுவே எவ்வளவு காற்று இருக்கிறதோ, அவ்வளவு நீலம் அந்தக் கருமையின் மேல் வந்து படியும். அதனால்தான் அடுத்தடுத்த மலைவரிசைகள் வெளிறிக்கொண்டே போகின்றன. வெள்ளைப் பனிச்சிகரத்துக்கு நேர்மாறு: அதிலிருந்து வரும் ஒளி வழியில் நீலத்தை இழப்பதால், வெகு தொலைவில் லேசாக மஞ்சள் தட்டும்.

மூடுபனியின் கதை வேறு. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கி, குளத்துத் தண்ணீர்போலப் பள்ளத்தில் தேங்குகிறது. அதில் உருவாகும் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகவே சிதறடிக்கும். எனவே வெண்மை. ஓவியத்தில் இரண்டையும் பார்க்கலாம்: கீழே வெள்ளை, அடிவானத்தில் நீலம்.

இத்தனைக்கும் ஃப்ரீட்ரிக் மலைநாட்டுக்காரர் அல்ல. 1774இல் பால்டிக் கடலோரத்து கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர். கோபன்ஹேகனில் படித்துவிட்டு 1798இல் டிரெஸ்டனில் குடியேறினார். எல்பே ஆற்றங்கரை மணற்கல் மலைகளில் நடந்து நடந்து, பாறைகளை ஒவ்வொன்றாகப் பென்சிலில் வரைந்து வைத்துக்கொள்வார். ஓவியம் பிறப்பது அறைக்குள். ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்டின் மேக வகைப்பாட்டை ஒட்டி மேகங்களை வரைந்து தரும்படி 1816இல் ஜெர்மன் கவிஞர் கதே கேட்டபோது மறுத்துவிட்டார். பிடிவாதக்காரர்தான், ஆனாலும் ஒளியின் நடத்தையை அவர் கண் தப்பவிடவில்லை.

இதற்கு நல்ல சாட்சி, இப்போது பெர்லினில் இருக்கும் ‘வாட்ஸ்மன்’ ஓவியம் (1824–25). அவர் ஆல்ப்ஸ் பக்கம் போனதே இல்லை. 2,713 மீட்டர் உயர வாட்ஸ்மன் சிகரத்தை மாணவர் ஆகஸ்ட் ஹைன்ரிக்கின் நீர்வண்ணப் படத்திலிருந்து எடுத்தார். முன்னால் இருக்கும் பாறையோ, வடக்கே வெகுதூரத்தில் உள்ள ஹார்ட்ஸ் மலையுடையது. முன்பாறையைக் கருமையாக, விரிசல் தெரியும்படி வைத்து, பின்னால் போகப் போக வெளிறவிட்டார். வேறு வேறு ஊர்க் கற்கள் ஒரே காற்றுக்குள் வந்துவிட்டதால் ஒட்டு தெரிவதில்லை.