பல்லின் மேல் பழி போடாதீர்கள்

வயிற்றுப்போக்கு என்று பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குமரி மாவட்டத்துத் தக்கலை, கருங்கல் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்களில் காரணத்தைச் சொல்பவர் பெரும்பாலும் பாட்டிதான். "பல் முளைக்கிறது டாக்டர், அதனால் வயிறு போகிறது." பல் எதுவும் தட்டுப்படாவிட்டால் பழி தாயின் பக்கம் திரும்பும். "இவள் நேற்றுப் பலாப்பழம் தின்றாள், அது பாலில் இறங்கிவிட்டது." அந்தப் பெண் பதில் பேசாமல் தலை குனிந்து நிற்பாள். குழந்தை மருத்துவனான எனக்குக் கோபம் வரும் இடம் அதுதான்.

முதலில் வாந்தி, கூடவே காய்ச்சல், பிறகு தண்ணீராகப் பேதி, அதில் ஒரு புளித்த வாடை, பிட்டம் சிவந்து புண்ணாகியிருக்கும். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை இப்படி வந்தால் என் மனதில் முதலில் வருவது ரோட்டா வைரஸ். முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறாது என்பதால் பரிசோதனைக்கு அனுப்புவது அபூர்வம். அதனாலேயே அதன் பெயர் வீடு வரை போய்ச் சேர்வதில்லை. பழி பல்லுக்கும் பலாப்பழத்துக்கும் போய்விடுகிறது.

ஐந்து வயதுக்குள் உலகின் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இது ஒருமுறையாவது தொட்டுவிடுகிறது. ஏழை நாடு, பணக்கார நாடு என்ற பேதம் இல்லை. 1973-இல் இதைக் கண்டுபிடித்ததே மெல்போர்ன் நகரத்துக் குழந்தைகளிடம்தான். வேலூரில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களில் 56 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருந்தது. எல்லோருக்கும் நோய் தெரிந்ததில்லை, பலருக்கு வந்த சுவடே இல்லை. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்றும் இல்லை. மூன்று முறை வந்த பிறகும் மிதமான அல்லது கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 சதவீதம்தான்.

"வீட்டை இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும் எப்படி வந்தது?" என்று கேட்கிறார்கள். நோயுற்ற பிள்ளையின் ஒரு கிராம் மலத்தில் பத்தாயிரம் கோடி வைரஸ்கள் வரை இருக்கலாம். அடுத்த பிள்ளைக்குத் தொற்ற நூறுக்கும் குறைவானவை போதும். பொம்மையிலும் கதவுப் பிடியிலும் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், வேறு பல நோய்களுக்கு அது வேலி. ரோட்டா அந்த வேலியையும் தாண்டக்கூடியது. தவழ்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயதில்தான் பல்லும் முளைக்கிறது. பல்லுக்கும் பேதிக்கும் உள்ள உறவு அவ்வளவே.

இந்த வைரஸ் சிறுகுடலின் உட்சுவரில் நீரை உறிஞ்சும் செல்களை அழிக்கிறது. ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் வழி பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொடி வேலை செய்வது அந்த வழியில். ஒருமுறை ஒரு தாய் கைப்பையிலிருந்து, வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்ட ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். அவ்வப்போது இரண்டு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் நீரில் கலக்கியிருக்கிறார். உப்பு மிகுந்த அந்த நீர் குழந்தைக்கு ஆபத்து. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுவதையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். காகிதப் பெட்டியில் வரும் பழச்சுவை பானங்கள் இதற்கு ஈடல்ல; அவற்றின் சர்க்கரை பேதியைக் கூட்டும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சியும் மட்டி வாழைப்பழமும் தாராளமாகக் கொடுக்கலாம்.

பேதியைக் கட்டும் மாத்திரை குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், குழந்தை துவண்டு கிடந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அருகிலுள்ள மருத்துவமனையோ, உடனே கிளம்புங்கள்.

தமிழ்நாட்டில் 2017 முதல் ரோட்டா தடுப்பு மருந்து இலவசம். 6, 10, 14-ஆவது வாரங்களில் போலியோ சொட்டு மருந்தோடு இதையும் வாயில் விடுகிறார்கள். "போலியோதான் கொடுத்தார்கள்" என்று சொல்லும் பெற்றோரின் தடுப்பூசி அட்டையைப் புரட்டினால் பாதிப் பேருக்காவது ரோட்டாவும் பதிவாகியிருக்கும். நம் நாட்டு ரோட்டாவேக் மருந்தின் ஆய்வில் முதல் ஆண்டில் கடுமையான நோய் 56 சதவீதம் குறைந்தது. நோய் வரவே வராது என்ற உறுதி இல்லை. மருத்துவமனைப் படுக்கை வரை போகும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைகிறது. முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும்.

பேதிக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் ஜிங்க் (துத்தநாகச் சத்து) மாத்திரையைப் பேதி நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. நின்றாலும் நிற்காவிட்டாலும் 14 நாள்.