சொல் விளக்கம்: சாகசக்காரி

கோபியில் அக்கா மகள் படிக்கும் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தோம். அவள் ரெட்டைக் கம்பு சுற்றினாள். முடிவில் ஒரு கம்பின் இரண்டு முனையிலும் பந்தம் கட்டிச் சுற்றினாள். பந்தலே கொஞ்ச நேரம் மூச்சுவிடவில்லை. மைக் பிடித்திருந்தவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நம்ம குட்டிச் சாகசக்காரிக்கு எல்லாரும் ஒரு கைத்தட்டுக் குடுங்க!" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"எவன்டா அவன், எம்பேத்தியப் போயி சாகசக்காரிங்கறது?"

"பாராட்டுறாரும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த சாகசக்காரி, நீலிக்கண்ணீர் வடித்துக் காரியம் சாதிக்கிறவள், பசப்பி ஆளை மயக்குகிறவள். அந்தக் காலத்துச் சினிமாவில் வில்லி வேடத்துக்காரியைத் திட்டும் சொல். மைக்காரரோ சாகசக்காரன் என்ற சொல்லின் பெண்பால் என்று நினைத்துத்தான் சொன்னார். இலக்கணப்படி அவர் சொன்னது சரி. வழக்குப்படி அம்மா சொன்னது சரி. ஒரே சொல்லின் 'அன்' விகுதி வீரத்தையும் 'இ' விகுதி வஞ்சகத்தையும் சுட்டுவது எப்படி என்று தேடப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

மைக்காரர் மனதில் இருந்தது ஸ்டண்ட் என்ற சொல்லாகத்தான் இருக்கும். அது அமெரிக்கக் கல்லூரி மைதானங்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் புழங்கிய பேச்சுவழக்கு. 'எங்கே, இதைச் செய்து காட்டு பார்ப்போம்' என்று ஒருவன் சவால்விட, இன்னொருவன் செய்து காட்டும் வித்தைக்குப் பெயர் ஸ்டண்ட். அப்புறம் விமானத்தில் குட்டிக்கரணம் போட்டவர்களும் சினிமாவில் மாடியிலிருந்து குதித்தவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். வளர்ச்சி குன்றுவதைக் குறிக்கும் ஸ்டண்ட் வேறு சொல். உச்சரிப்பு ஒன்றுதான், உறவு கிடையாது. சொல்லில் ஆண், பெண் என்று எதுவும் இல்லை. அதைச் செய்கிறவருக்குப் பெயர் வைக்கும்போதுதான் 'மேன்' வந்து ஒட்டிக்கொண்டான். நாமும் ஸ்டண்ட்மேன் என்றே இறக்குமதி செய்துகொண்டோம்.

தமிழில் அதற்கு ஈடாகப் பத்திரிகைகள் பிடித்த சொல் சாகசம். இது வடமொழிச் சாஹஸம். சஹஸ் என்றால் வலிமை, பலம். பலத்தைக் கொண்டு துணிந்து செய்வது சாஹஸம். பழைய சட்ட நூல்களில் இது பாராட்டே அல்ல, குற்றப் பட்டியலில் இருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் சாஹஸம் என்றால் உடையவன் கண்ணெதிரே பொருளைப் பலவந்தமாகப் பறிப்பது. மறைவாக எடுத்தால் திருட்டு, முன்னால் நின்று பிடுங்கினால் சாஹஸம். வழிப்பறிக்காரனின் அந்தத் துணிச்சல்தான் நாளடைவில் கறை நீங்கி வெறும் துணிச்சலாகி, பிறகு வீரச்செயலாகவும் ஆனது.

இது ஆணுக்கு நடந்த கதை. தமிழ் அகராதிகள் சாகசத்துக்குத் துணிவு என்ற பொருளோடு பாசாங்கு என்றும் ஒரு பொருள் தருகின்றன. 'சாகசம் பண்ணுகிறான்' என்றால் நடிக்கிறான் என்று அர்த்தமான காலம் ஒன்று இருந்தது. ஆக, சொல்லுக்குள் துணிவும் பாசாங்கும் என இரண்டு பங்கு இருந்தன. பாகம் பிரித்தபோது அண்ணனுக்குத் தோட்டமும் தங்கைக்கு ஒன்றுமில்லாமலும் போவதுபோல, துணிவு முழுதும் சாகசக்காரனுக்குப் போயிற்று, பாசாங்கு சாகசக்காரியின் தலையில் விழுந்தது. உடம்பால் ஒரு பெண் வித்தை காட்ட முடியும் என்று சொல்லை ஆண்டவர்களுக்குத் தோன்றவில்லை போலும். அவளால் முடிந்த ஒரே வித்தை மயக்குவது என்று வைத்துவிட்டார்கள்.

தமிழ் எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. நற்றிணை 95ஆம் பாட்டில் ஒரு மலையூர் வருகிறது. குழல் ஊத, பல வாத்தியம் முழங்க, அங்கே கயிற்றின் மேல் நடந்து வித்தை காட்டியவளை 'ஆடுமகள் நடந்த கொடும்புரி நோன்கயிற்று' என்கிறது பாட்டு. முறுக்கேறிய வலுவான கயிறு. அவள் இறங்கிப் போனபின் அத்திப்பழம்போல் சிவந்த முகமுடைய குரங்குக் குட்டி ஒன்று அதில் தொங்குகிறது. குறவர் பிள்ளைகள் பாறைமேல் ஏறித் தாளம் கொட்டுகிறார்கள். குறிஞ்சிப்பாட்டிலும் மயிலின் தளர்ந்த நடைக்குக் கபிலர் எடுத்துக்கொண்ட உவமை, 'ஆடுமகள் கயிறூர் பாணி'. இரண்டு இடத்திலும் கயிற்றில் ஏறியவள் பெண். ஊரே பார்த்த வித்தைக்காரி அவள். பாட்டில் அவளைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை, 'பொம்பளையா இருந்துகிட்டு' என்ற பேச்சே இல்லை.

விறலி என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். விறல் என்றால் வெற்றி, வலிமை. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தோன்றுவதற்கும் விறல் என்றே பெயர். அப்படி விறல்பட ஆடுகிறவள் விறலி. கருவூரை ஆண்ட சேரர்களைப் பாடும் பதிற்றுப்பத்தில், 'போய் அவனிடம் பரிசில் வாங்கு' என்று விறலிக்கு வழிகாட்டும் பாட்டுகள் பல உண்டு. பெயரிலேயே வலிமை இருக்கும் கலைஞர் நம்மிடம் இருந்தார், அவர் பெண்ணாகவும் இருந்தார். சரி, அது சங்க காலம். அதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருப்பதிலும் எனக்கு விருப்பமில்லை. ஆடுமகளின் பேத்திகள்தான் இன்றும் சந்தைப்பேட்டையில் மூங்கில் நட்டுக் கயிறு கட்டும் கழைக்கூத்தாடிப் பெண்கள். நானே சின்ன வயதில் அந்தியூர்க் குருநாதசாமி தேரில், குதிரைச் சந்தைக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அப்பன் கொட்டு அடிக்க, ஏழெட்டு வயசுப் பெண் தலையில் செம்போடு கயிற்றில் நடந்தாள். அதைச் சாகசம் என்று நாங்கள் யாரும் சொன்னதாக நினைவில்லை. 'பாவம், வயித்துப் பொழப்பு' என்று சில்லறை போட்டுவிட்டு நகர்ந்தோம். குழந்தையை அப்படி ஏற்றுவது தப்பு என்பது வேறு விஷயம். ஆனால் வளர்ந்த பெண் செய்தாலும் அது நம் வாயில் பிழைப்புதான், ஆண் செய்தால்தான் சாகசம்.

சினிமாவுக்கு வருவோம். கொங்குநாட்டுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா என்று படங்கள் இங்கேயே தயாரான காலம். அப்போது சண்டைக் காட்சிக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் தேகப்பயிற்சி சாலைகளிலிருந்து. கோவை ராமநாதபுரத்துச் சாண்டோ சின்னப்பா தேவர் அப்படி வந்தவர்தான். உடற்பயிற்சி, மல்யுத்தம், ஸ்டுடியோவில் சின்னச் சின்ன வேடம் என்று ஏறி, 1956இல் தாய்க்குப் பின் தாரம் படத்தோடு சொந்தமாகவே தயாரிக்க வந்துவிட்டார். அவர் பெயருக்கு முன்னால் நின்ற 'சாண்டோ', யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பலசாலியின் பெயர். அந்தக் காலத்தில் உடம்பை ஏற்றிய ஆண்களுக்கு அது பட்டம் மாதிரி. அந்தத் தேகப்பயிற்சி சாலைக்குள் பெண்பிள்ளைகள் போனதில்லை. தடுக்கத் தனியாகச் சட்டமெல்லாம் வேண்டியதில்லை, யாரும் அனுப்பமாட்டார்கள், அவ்வளவுதான். ஸ்டண்டில் பெண்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த முதல் பதில், ஆள் எடுத்த இடத்தில் அவர்கள் இல்லை என்பது.

திரையில் முயற்சி நடக்காமல் இல்லை. 1935இல் ஹண்டர்வாலி படத்தில் நாடியா கையில் சவுக்கோடு வந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்து பம்பாய்க்கு வந்த அவர் தன் சண்டைகளைத் தானே போட்டவர். தமிழில் 1937இல் மின்னல்கொடி வந்தது. கே. அமர்நாத் இயக்கிய அந்தப் படத்தில் கே.டி. ருக்மணி கொள்ளைக்காரனின் வேடத்தைத் தான் ஏற்று, பணக்காரர்களிடம் அடித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் பெண்ணாக வருவார். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த மந்திரி குமாரியிலும் மலை உச்சியில் வில்லனைத் தள்ளிவிடுவது மாதுரி தேவிதான். 'வாராய், நீ வாராய்' பாட்டுக்குப் பின்னால் நடப்பது அதுவே. வீட்டில் அந்தப் பாட்டு ஓடும்போதெல்லாம் அம்மா, "அப்படித்தான், போடு!" என்பார்.

அப்புறம் என்ன ஆயிற்று? இங்கே மட்டுமல்ல, அமெரிக்காவிலும் இதே கதைதான். மௌனப் படக் காலத்தில் ஹெலன் கிப்ஸன் என்ற பெண், ஓடும் ரயிலின் கூரையில் ரயில் நிலையக் கூரையிலிருந்து குதித்திருக்கிறார். சினிமா பெருமுதல் போட்ட தொழிலான பிறகு அந்த வேலை ஆண்களின் கைக்குப் போனது. கதாநாயகி குதிக்க வேண்டுமென்றால், ஆணுக்கு விக் வைத்து, அவள் உடையை மாட்டிக் குதிக்கவைத்தார்கள். நமக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை, ஸ்திரீபார்ட் பார்த்து வளர்ந்த ஊர். நாடகக் கம்பெனியில் பையன்கள் சேலை கட்டிப் பெண்ணாக நடித்தார்கள். மேடையிலிருந்து திரைக்கு வந்தபோது ஸ்திரீபார்ட் ஒழிந்தது, அழுவதும் பாடுவதும் பெண்களின் கைக்கு வந்தன. விழுவதும் புரள்வதும் மட்டும் ஸ்திரீபார்ட்டாகவே தங்கிவிட்டன.

'அடிபட்டால் என்ன ஆகும், பாதுகாப்புக்குத்தான்' என்று காரணம் சொல்வார்கள். உண்மையில் அடிபட ஏதுவாக்குவதே கதாநாயகியின் உடைதான். கோட்டு சூட்டுக்குள் முழங்கால், முழங்கை, முதுகு எல்லாவற்றுக்கும் பஞ்சுப் பட்டை வைத்துக் கட்டலாம். கையில்லாத ரவிக்கைக்குள் எதை வைப்பது? ஆக, பெண்ணுக்குப் பதில் பெண்ணே விழுந்தால் ஆணைவிடக் குறைந்த காப்போடு விழுகிறாள். 1975இல் வந்த ஷோலேயில் குதிரை வண்டி விரட்டும் காட்சிகளில் ஹேமமாலினிக்குப் பதிலாக ஓட்டியவர் ரேஷ்மா பட்டான். படம் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள், அவர் பெயர் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சொல்தான் தடை என்றும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. நடனத்தைப் பாருங்கள். டான்ஸ் மாஸ்டர் என்பது ஆண்பால் சொல். ஆனால் கலா மாஸ்டர், பிருந்தா மாஸ்டர் என்று தமிழ்நாடே கூப்பிடுகிறது, யாருக்கும் நாக்கு இடறவில்லை. ஆள் வந்து நின்றுவிட்டால் சொல் ஒதுங்கி வழிவிடுகிறது. ஸ்டண்ட் மாஸ்டர் விஷயத்தில் நாக்குக்கு இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லை.

கொங்கிலேயே இதற்கு நல்ல உதாரணம் வள்ளி கும்மி. கும்மி என்றாலே பெண்கள் ஆட்டம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே வள்ளி கும்மி நெடுங்காலம் ஆண்கள் ஆட்டம். வள்ளி முருகனைக் கட்டிய கதையை, சலங்கை கட்டிக் குதித்து, குனிந்து, திரும்பி, மணிக்கணக்கில் ஆடுவார்கள், அடவு கடினம். கோவைப் பக்கத்து எம். பத்ரப்பன் அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது அதையும் சேர்த்தே பேசினார்கள். இப்போது ஊர்த் திருவிழாக்களில் ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடுகிறார்கள். முன்பு 'ஆம்பளையாட்ட குதிக்காத' என்று அதட்டின பெரியம்மாக்களே முன்வரிசையில் குதிக்கிறார்கள். (எங்கள் பக்கம் 'போல' என்பதற்கு 'ஆட்ட' என்போம். அந்த அதட்டலுக்குள் ஓர் ஆட்டம் இருப்பதை நான் இத்தனை வருஷம் கவனிக்கவில்லை.)

இனி ஈடான சொற்கள். அடிதடிக்கு மட்டும் என்றால் சண்டைக் கலைஞர். குதிப்பது, விழுவது, வண்டி கவிழ்ப்பது எல்லாம் சேர்ந்தால் சாகசக் கலைஞர். 'கலைஞர்' என்பதில் பால் இல்லை, மரியாதை உண்டு. முன்னால் 'பெண்' என்று ஒட்டவைக்க வேண்டியதும் இல்லை. சாகசப் பெண், வீர மங்கை, சிங்கப்பெண் என்றெல்லாம் தலைப்பு வைப்பதை நான் தவிர்ப்பேன். பாராட்டுவதுபோல் இருக்கும், ஆனால் இது அதிசயம் என்றும் கூடவே சொல்லிவிடும். ஸ்டண்ட் மாஸ்டருக்குச் சண்டைப் பயிற்சியாளர் என்று டைட்டிலில் போடும் வழக்கம் நல்ல வழக்கம், அதை மாற்ற வேண்டாம்.

டூப் என்பதற்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. டூப்ளிகேட்டின் முன்பாதி அது. 'டூப் விடுறான்' என்றால் புளுகுகிறான். உயிரைப் பணயம் வைக்கிறவருக்குப் புளுகின் பெயர் வேண்டாம் என்று மாற்றுச் சொல் தேடினேன். முதலில் தோன்றியது மாற்றாள். அகராதியைப் புரட்டினால் மாற்றாள் என்றால் சக்களத்தி! மாற்றான் என்றால் களத்தில் எதிர்நிற்கும் பகைவன், மாற்றாள் என்றால் வீட்டுக்குள் வந்த இன்னொருத்தி. சாகசக்காரிக்கு நடந்த அதே பாகப்பிரிவினை இங்கேயும். ஆகவே பதிலாள். 'இன்னைக்கு நான் பதிலாள் அனுப்பறேன்' என்று தோட்டத்து வேலைக்குச் சொல்கிற சொல்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே பொருந்தும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சுருக்கிச் சொன்னேன். சாகசம் என்றால் முதலில் வலிமை, பிறகு கொள்ளை, பிறகு துணிச்சல், அந்த மைக்காரர் துணிச்சல் என்ற அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார் என்றேன். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"துணிச்சல்னா துணிச்சல்காரின்னு சொல்றதுக்கு அவனுக்கு என்ன வந்துச்சாம்?"