டியூபில் திரும்பவும் சிவப்பு வந்தால்

கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே விலா எலும்புகளுக்கு இடையில் ஊசி போட்டு, நுனி சுருண்ட ஒரு டியூபை விட்டு வைப்போம். தடிமன் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். சீழ் பைக்கு வந்துவிடும், காய்ச்சல் இறங்கும். அநேகம் பேருக்கு அதோடு சரி.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களிடம் மட்டும் நான் அவ்வளவு சீக்கிரம் நிம்மதி அடைவதில்லை. பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பித்தக்குழாயையே குடலோடு இணைத்துத் தைத்தவர்களுக்கும் குடல் கிருமிகள் கல்லீரலுக்கு ஏற வழி திறந்தே கிடக்கிறது. கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்தால் கிருமியை எதிர்க்க ஆள் இல்லை. தட்டணுக்கள் குறைந்தால் ரத்தம் எளிதில் உறையாது. டியூப் போடுமுன் அவை 50,000க்கு மேல் இருக்கின்றனவா என்று பார்ப்பது இதனால்தான்.

ஒரு நோயாளிக்கு டியூப் போட்ட ஒன்பதாம் நாள். முதலில் வந்த கெட்டிச் சீழ் தெளிந்து நீர்போல் ஆகியிருந்தது. அன்று காலை பையின் அடியில் ஒரு விரற்கடை சிவப்பு, நடுவில் உறைந்த துணுக்குகள். "புண் ஆறும்போது கொஞ்சம் ரத்தம் வரும்தானே டாக்டர்?" என்று மகள் போனில் கேட்டார். மலம் என்ன நிறம் என்றேன். தார்போல் கறுப்பு.

உடனே வரச் சொல்லி, ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தோம். கல்லீரல் தமனியின் ஒரு கிளை பட்டாணி அளவுக்குப் புடைத்திருந்தது. சூடோ அனூரிஸம் என்போம். ஊசி உரசியோ, பக்கத்துச் சீழ் அரித்தோ தமனியின் சுவர் பலவீனமாகி, சில நாள், சில வாரம் கழித்துக்கூட கசியலாம். அந்த ரத்தம் பித்தக்குழாய் வழியே குடலுக்கு இறங்கும். வலது மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை, கறுத்த மலம் மூன்றும் சேர்ந்து வரும் என்று படித்திருப்போம். பலருக்குச் சேர்ந்து வராது, காத்திருக்கக் கூடாது. தொடை ரத்தக்குழாய் வழியே போய் உலோகச் சுருள் வைத்து அடைத்தோம். பிழைத்துக்கொண்டார். அந்த மகள் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

வேறு சிக்கல்களும் உண்டு. டியூப் நுரையீரல் உறையைக் கடந்திருந்தால் நெஞ்சில் சீழ் சேர்ந்து மூச்சு வாங்கும். பித்தம் நாள்கணக்கில் வந்தால் கட்டிக்கும் பித்தக்குழாய்க்கும் தொடர்பு இருக்கிறது. சில சமயம் சீழ்க்கட்டி என்று நினைத்தது உள்ளே அழுகிய புற்றுக்கட்டியாகவே இருக்கும். அதனால் சீழைச் செல் பரிசோதனைக்கும் அனுப்புவது நல்லது.

பையைக் கொட்டுமுன் அளவையும் நிறத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தெளிந்தபின் திரும்பவும் சிவப்பு வந்தால் டியூபை நீங்களாக இழுக்க வேண்டாம். ரத்தம் பீறிட விடாமல் அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியே அவசரப் பிரிவுக்கு வாருங்கள், நடுராத்திரியாக இருந்தாலும்.