சீகைக்கு அடியில் குனிந்து பாருங்கள்

காடு மீட்பு வேலைக்கு வந்த புதிதில், நீலகிரியில் ஒரு சோலையை (உயர்மலை மடிப்புகளில் இயல்பாக வளரும் அடர்காடு) ஒட்டி நின்ற சீகை (வாட்டில்) மரங்களை ஒன்று விடாமல் வெட்டினோம். அயல் மரம், போனால் நல்லது என்று நினைத்தோம். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்த இடம் முழுக்கச் சீகை நாற்று. கால் வைக்க இடமில்லை.

விஷயம் மண்ணுக்குள் இருந்தது. சீகை விதை கறுப்பாக, கெட்டித் தோலோடு, பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ சுட்டாலோ, நிழல் போய் மண் சூடேறினாலோ முளைத்துவிடும். மரத்தை வெட்டி அதற்கு வெயிலைத் திறந்துவிட்டதே நாங்கள்தான்.

சீகை ஆஸ்திரேலிய மரம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள். விறகுக்காகவும், பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் மலை மலையாக நடப்பட்டது. பெரும்பாலும் நட்டது புல்வெளியில். நம் உயர்மலைகளில் மடிப்புகளில் சோலையும் சரிவுகளில் புல்லும் இருப்பதுதான் இயல்பு. டிசம்பர், ஜனவரி உறைபனியில், திறந்தவெளியில் தலைநீட்டிய சோலைக் கன்றுகள் கருகிவிடும். அதனால் சோலை தன் எல்லையைத் தாண்டிப் பெரிதாக வரவில்லை. சீகையோ பனியைத் தாங்கியது. வேர் முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தில்லாத மண்ணும் அதற்குப் போதும்.

அதிகம் இழந்தது புல்தான். பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது, புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது. வரையாடு மேய்வது அங்கே. நீலகிரி நெட்டைக்காலி கூடு கட்டுவது அங்கே. தோடர்கள் கோயில் கூரை வேயும் புல்லும் புல்வெளியின் ஈரப் பகுதிகளில்தான் கிடைக்கிறது.

சரி, சீகை நிற்கும் இடமெல்லாம் ஒன்றா? இல்லை. சோலைக்குப் பக்கத்தில் இருக்கும் வயதான சீகைத் தோப்புக்குள் போய்க் குனிந்து பாருங்கள். புளிய இலைபோலப் பொடிப்பொடியாக இலை விட்ட சீகைக் கன்று அங்கே அநேகமாக இருக்காது. தாய் மரத்தின் நிழலே அதற்கு ஆகாது. பதிலாகத் தடித்த, பளபளக்கும் இலைகள் தெரியும். கொழுந்து சிவந்திருந்தால் காட்டு நாவலாக இருக்கலாம். இலையில் மூன்று நரம்பு ஓடி, கசக்கினால் பட்டை வாசம் வந்தால் அது இலவங்கப்பட்டை மரத்தின் உறவு. கொண்டைக்குருவியும் காட்டுப்புறாவும் பழத்தைத் தின்று எச்சமிட்டு விதைத்தவை. நிழலில் மெதுவாக வளர்வது இவற்றுக்குப் பழக்கம். மேலே நிற்கும் சீகை பனியைத் தடுத்துத் தருகிறது. சீகைக்கு ஆயுசு குறைவு. அது சாயும்போது அடுத்த காடு கீழே தயாராக நிற்கும்.

அதனால் இப்போது நாங்கள் முதலில் தரையைப் பார்க்கிறோம். சோலைக் கன்று இருந்தால் மரத்தில் கை வைப்பதில்லை. அதிகம் போனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டுவோம். புல்வெளியின் ஓரத்தில் புதிதாக ஏறும் சீகையை மட்டும் இளசாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குவோம். ஒரு வருஷம் விட்டாலும் அது முன்னேறிவிடும். பைன் தோப்பு வேறு கதை. ஊசியிலை மெத்தைபோலக் குவிந்து, விதை மண்ணைத் தொடவே கஷ்டம்.

2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்கத் தனிக் கொள்கையே வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் அகற்றிய பின் பத்து வருஷமாவது கன்று பிடுங்க ஆளும் கூலியும் வேண்டும். அதற்கு ஏற்பாடு இல்லாமல் மொட்டையடித்தால் எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். அப்புறம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மலைக்கு மரக்கன்றோடு வருபவர்கள், வெறும் புல்லாகத் தெரியும் இடத்தில் குழி தோண்டாதீர்கள். அது காலி இடம் இல்லை.

முதலில் வெட்டிய அந்த இடத்தில் இன்றும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சீகைக் கன்று பிடுங்குகிறோம். பக்கத்தில், ஆள் போதாமல் வெட்டாது விட்ட தோப்புக்குள் காட்டு நாவல் என் தோள் உயரத்துக்கு வந்திருக்கிறது.