ஹார்டினெஸ் ஜோன்: கடினமும் அல்ல, கெட்டியும் அல்ல

இணையத்தில் வாங்கிய விதைப் பாக்கெட்டைத் திருப்பினால், விதைக்கும் ஆழம், செடிக்குச் செடி இடைவெளி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ‘ஹார்டினெஸ் ஜோன் 9–11’ என்று ஒரு வரி இருக்கும். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் ‘கடினத்தன்மை மண்டலம்’ என்று வந்து விழும். மண் கெட்டியா, தண்டு கெட்டியா, வளர்ப்பது கஷ்டமா? மூன்றும் இல்லை. ஒரு பல்லாண்டுச் செடி எந்த அளவு குளிர் வரை வெட்டவெளியில் சாகாமல் கிடக்கும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. வெயில், மழை, மண் எதற்கும் அதில் இடமில்லை.

ஆங்கிலத்தின் ‘ஹார்டி’, பழைய பிரெஞ்சில் துணிச்சல்காரனைக் குறித்த ‘ஹார்தி’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் இருப்பது, வன்மையாக்குதல் என்ற பொருளுடைய ஜெர்மானிய வினை. துணிச்சல் என்ற பொருள் ‘எதையும் தாக்குப்பிடிப்பவன்’ என்று நகர்ந்தது. பிறகு தோட்டக்காரர்கள் கைக்கு வந்ததும் பொருள் இன்னும் சுருங்கியது. குளிர்காலம் முழுவதும் வெளியிலேயே விட்டாலும் பிழைக்கும் செடி ‘ஹார்டி’. வீட்டுக்குள்ளோ கண்ணாடிக் குடிலுக்கோ கொண்டுபோக வேண்டியது ‘டெண்டர்’. இரண்டாவதை ‘மென்மையான செடி’ என்று எழுதுவதும் அதே வகைப் பிழைதான். தண்டு இரும்பு மாதிரி இருக்கும் மாமரமும் அந்தக் கணக்கில் டெண்டர்.

‘ஜோன்’ கிரேக்கத்தில் இடுப்புக் கச்சை. பூமியைச் சுற்றிக் கச்சை கட்டியதுபோல வெப்பப் பட்டை, மிதப் பட்டை, குளிர்ப் பட்டை என்று கிரேக்கர்கள் பிரித்ததில் சொல் நிலைத்துவிட்டது. நம்மிடம் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டில் மண்டலம்: மாநகராட்சி மண்டலம், வேளாண் காலநிலை மண்டலம். இலங்கையில் வலயம்: ஈர வலயம், உலர் வலயம், கல்வி வலயம். மண்டலம் என்றால் வட்டம், வலயம் என்றால் வளை. கச்சைக்கு வளைதான் நெருங்கிய உறவு என்றாலும், எந்தக் கரையில் இருக்கிறோமோ அந்தக் கரைச் சொல்லே போதும்.

சிக்கல் முதல் பாதியில்தான். ‘கடினத்தன்மை’ ஏற்கெனவே தண்ணீருக்கும் கனிமங்களுக்கும் உரியதாகிவிட்டது. வேளாண்மையில் ‘கடினப்படுத்துதல்’ என்றும் ஒன்று உண்டு: மானாவாரி விதையை வறட்சிக்குத் தயார் செய்ய ஊறவைத்து உலர்த்துவதும், திசு வளர்ப்பு வாழைக்கன்றை நிழல்வலையில் வைத்துப் பழக்குவதும் அந்தப் பெயரில் நடக்கின்றன. அது நாம் செய்யும் வேலை. ஹார்டினெஸ் செடியின் இயல்பு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் வழி தவறுவார். ‘வன்மை’ என்று போட்டால் வன்மரம் நினைவுக்கு வரும். ‘உறுதி’ எதற்கு உறுதி என்று சொல்வதில்லை.

சொல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வறட்சி தாங்கும் ரகம், வெள்ளம் தாங்கும் சுவர்ணா சப்-1 நெல், களர் நிலம் தாங்கும் திருச்சி 1 நெல் என்று வயலில் ஏற்கெனவே புழங்கும் வினை ‘தாங்கு’. எதைத் தாங்கும் என்பதை முன்னால் சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். அதன்படி ஹார்டினெஸ் என்பது குளிர்தாங்குதிறன். ஹார்டினெஸ் ஜோன் குளிர்தாங்குதிறன் மண்டலம். ‘குளிர் தாங்கும் மண்டலம்’ என்று குறுக்கினால் தாங்குவது மண்டலம் என்றாகிவிடும். தாங்குவது செடி, மண்டலம் குளிரைக் கொடுப்பது. ‘திறன்’ நடுவில் நிற்க வேண்டியது அதனால்தான். ‘குளிர் மண்டலம்’ என்றும் வேண்டாம், அது துருவப் பகுதிக்குப் போய்விட்ட பெயர்.

தமிழில் இதற்குத் தனிச்சொல் உருவாகாததற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களில் மலை மண்டலம் ஒன்றைத் தவிர மற்ற இடங்களில் குளிர் செடியைக் கொல்வதில்லை. மழைதான் பயிரைத் தீர்மானிக்கிறது. இலங்கையின் ஈர, உலர் வலயங்களும் மழையைக் கொண்டு பிரித்தவையே. நீலகிரியில் மட்டும் கதை வேறு. உறைபனியில் தேயிலை கருகுவதும், ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு மூடுவதும் வருடாவருடம் வரும் செய்தி. மூட வேண்டிய செடி எது, மூடாமல் விடலாம் என்பது எது என்ற கேள்விதான் குளிர்தாங்குதிறன்.

இந்த மண்டலங்களைக் காட்டும் வரைபடம் பிறந்த இடம் அமெரிக்கா. ஆர்னால்டு மரத்தோட்டத்தின் ஆல்ஃபிரட் ரேடர் 1927இல் 8 மண்டலங்களாகப் பிரித்தார். அமெரிக்க வேளாண் துறை 1960இல் தன் படத்தை வெளியிட்டது. இரண்டின் எல்லைகளும் ஒத்துப்போகவில்லை. அதனால் பழைய தோட்ட நூலில் ‘மண்டலம் 5’ என்று கண்டால், எந்தப் படத்தின் 5 என்று பார்க்காமல் நம்பக்கூடாது. வேளாண் துறையின் படம் 1990, 2012, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. இப்போது 13 மண்டலங்கள். ஒவ்வொன்றும் 10 டிகிரி ஃபாரன்ஹீட் அகலம், அதைப் பாதியாக்கி ஏ, பி. மண்டலம் 1 தொடங்குவது −60 டிகிரியில். மண்டலம் 13 முடிவது 70இல். தமிழில் எழுதும்போது ஏ, பி-யை அ, ஆ என்று மாற்றாமல் விடுவது நல்லது. செடியோடு வரும் அட்டையில் 7-பி என்றிருக்க, கட்டுரையில் 7-ஆ என்றிருந்தால் பொருத்திப் பார்க்க முடியாது.

இனி எண் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். ஒரு வானிலை நிலையத்தின் தினசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையை எடுத்து, ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆகக் குறைந்த ஒரே ஓர் அளவை மட்டும் பொறுக்க வேண்டும். 30 ஆண்டுகளுக்கு 30 எண்கள். அவற்றின் சராசரிதான் மண்டலத்தைத் தீர்மானிக்கும். 2023 படத்துக்கு 1991 முதல் 2020 வரையிலான தரவு, 13,412 நிலையங்கள். 2012 படத்துக்கு 7,983 நிலையங்கள்.

கைக்கணக்காக ஐந்து குளிர்காலம் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஆகக் குறைந்த அளவுகள் செல்சியஸில் −14.2, −9.8, −17.1, −11.5, −12.4. கூட்டினால் −65, சராசரி −13. இதை 1.8ஆல் பெருக்கி 32 கூட்டினால் 8.6 ஃபாரன்ஹீட். அதோடு 60 கூட்டி 10ஆல் வகுத்தால் 6.86. முழு எண் 6, அதோடு ஒன்று சேர்த்தால் மண்டலம் 7. மண்டலம் 7 என்பது 0 முதல் 10 வரை. 8.6 அதன் நடுவான 5க்கு மேலே இருப்பதால் 7-பி.

இந்தச் சின்னக் கணக்கிலேயே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. செல்சியஸை முதலிலேயே முழு எண்ணாக்கிவிடுவது ஒன்று. −12.4 என்பது 9.68 ஃபாரன்ஹீட், அதாவது 7-பி. −12 என்று சுருக்கினால் 10.4, உடனே 8-ஏ ஆகிவிடும். கடைசி விடை வரும்வரை தசமத்தை விடக்கூடாது. மற்றது, சராசரியை உத்தரவாதமாக எடுத்துக்கொள்வது. மேலே உள்ள பட்டியலில் −17.1 விழுந்த குளிர்காலம் 7-ஏ அளவுக் குளிர். 7-பி வரைதான் தாங்கும் என்று எழுதிய செடி அந்த ஒரு வருடம் போய்விடும். படம் தப்பில்லை, சராசரி என்றால் அப்படித்தான். விலை உயர்ந்த மரம் என்றால் அரை மண்டலம் குறைவாகவே தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

தரவைச் சுத்தம் செய்வதில்தான் பாதி வேலை. குளிர்காலத்தில் நான்கு நாள் பதிவு விடுபட்டிருந்தால், ஆகக் குளிர்ந்த நாள் அந்த நான்கில் ஒன்றாக இருக்கலாம். அந்த ஆண்டு எண் வெப்பமாகக் காட்டும். அப்படிப்பட்ட ஆண்டை முழுதாகத் தள்ளுவது நல்லது. ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று ஆண்டை வெட்டினால் ஒரே குளிர் அலை டிசம்பர் 31 இரவும் ஜனவரி 1 காலையும் விழுந்து இரண்டு ஆண்டுக் கணக்கில் ஏறும். வட அரைக்கோளத்தில் ஜூலை முதல் ஜூன் வரை வெட்டுவது பாதுகாப்பு. ஜனவரி மாதக் குறைந்தபட்ச வெப்பநிலைகளின் சராசரியை எடுத்துக் கணக்கிடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. சென்னைக்கு அப்படிச் செய்தால் 21 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்து 70 ஃபாரன்ஹீட்டில் முட்டும், மண்டலப் பட்டியலின் விளிம்பு அது. ஆண்டின் ஆகக் குளிர்ந்த இரவை எடுத்தால்தான் 18 டிகிரி அளவில் நின்று 13-ஏ என்று சரியாக வரும்.

அடுத்தது நிலையங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்புவது. தூரத்தை மட்டும் வைத்து இடைக்கணிப்பு செய்தால் மலையும் சமவெளியும் ஒன்றாகக் கலந்துபோகும். உயரத்துக்கு ஏற்ப 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி கழித்தாலும் போதாது. காற்றில்லாத தெளிந்த இரவில் கனமான குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளம் உறைந்து கிடக்க, மேலே சரிவு தப்பித்துவிடும். ஆகக் குளிர்ந்த இரவு பெரும்பாலும் அப்படிப்பட்ட இரவுதான் என்பதால் கழிக்கும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘பிரிசம்’ முறை இதற்காகவே உயரத்தோடு கடல் தொலைவு, பள்ளமா மேடா என்பதையும் சேர்த்து நிலையங்களுக்கு எடை கொடுக்கிறது.

நம் ஊருக்கு வரைந்து பார்க்க நினைப்பவர்கள் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம் தரும் 1 டிகிரி கட்டத் தரவை எடுப்பார்கள். ஒரு கட்டம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியும் அடிவாரத்து மேட்டுப்பாளையமும் ஒரே கட்டத்துக்குள் விழும். வரும் விடை இரண்டு ஊருக்கும் பொருந்தாது. 9 கிலோமீட்டர் அளவிலான ஐரோப்பியக் கட்டத் தரவான ‘ஈரா5-லேண்ட்’ தேவலை. அது கெல்வினில் இருக்கும், 273.15 கழிக்க மறக்கக்கூடாது. ஆனாலும் ஊட்டி அருகிலுள்ள தலைகுந்தா போன்ற பள்ளத்து உறைபனி அதிலும் முழுதாகத் தெரியாது. அங்கே ஒரு தெர்மாமீட்டர் சொல்வதே செல்லும்.

கனடாவின் எண்ணை அமெரிக்க எண்ணோடு குழப்பக்கூடாது. 1960களில் உருவான கனடா முறை குளிரோடு உறைபனியற்ற நாட்கள், மழை, பனிப்படிவு, காற்று என ஏழு காரணிகளைச் சேர்த்துக் கணக்கிடுவது. டொரண்டோவில் இருந்துகொண்டு அமெரிக்க நர்சரியின் அட்டையைப் படிப்பவர், தன் ஊருக்கான அமெரிக்க முறை எண்ணைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கறிவேப்பிலைக்கு வழக்கமாகப் போடுவது 9 அல்லது 10க்கு மேல். நியூ ஜெர்சி நடுப்பகுதியோ 7. அதனால்தான் அங்கே அது தொட்டியிலேயே வாழ்கிறது. இரவு 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கத் தொடங்கியதும் உள்ளே போகிறது. தொட்டிச் செடிக்கு இன்னொரு கணக்கும் உண்டு: நிலம் வேருக்குத் தரும் போர்வை தொட்டியில் கிடையாது. குளிர்காலத்திலும் வெளியே விடப்போகும் தொட்டிக்கு, ஊர் மண்டலத்தைவிட இரண்டு எண் குறைவான செடியை வாங்குவது அங்குள்ள வழக்கம்.

‘9–11’இல் உள்ள 11, வரைபடத்தின் இலக்கணத்திலேயே இல்லாத ஒன்று. படம் அளப்பது குளிரின் அடிமட்டத்தை மட்டும். மேல் எண் விற்பவர்கள் வெப்பத்தை மனதில் வைத்துச் சேர்ப்பது. லண்டனின் பெரும்பகுதியும் புளோரிடாவின் ஜாக்சன்வில்லும் 9தான். கோடையில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. வெப்பத்துக்காக அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் தனிப் படம் போட்டது. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களை எண்ணும் படம் அது.

ஆகவே தமிழ்நாட்டுச் சமவெளியில் விற்கும் செடிக்கு அட்டை எழுதுபவர் மண்டல எண்ணை அப்படியே நகலெடுப்பதில் பயனில்லை. ‘குளிர்தாங்குதிறன்: 4 டிகிரி செல்சியஸ் வரை’ என்று நேராக அளவைப் போட்டால் கோத்தகிரிக்காரருக்கும் புரியும், கும்பகோணத்துக்காரரும் தனக்குத் தேவையில்லாத வரி என்று தாண்டிப் போவார்.