கட்டிங் டிஸ்க் சாணைக்கல் அல்ல

கோவையில் வெட்டுக் கருவிகளுக்குச் சாணை பிடிப்பது என் தொழில். பம்ப், மோட்டார் பட்டறைகளிலிருந்து வரும், டிரில்லில் மாட்டித் துளைபோடும் பிட்டுகள்தான் அன்றாட வேலை. வீட்டு மாடியில் சிறு பட்டறை வைத்திருப்பவர்களும் அவ்வப்போது வருவார்கள். இப்போதெல்லாம் அவர்கள் மழுங்கிய பிட்டோடு கட்டுப்போட்ட விரலையும் கொண்டுவருகிறார்கள். கடைசியாக வந்த இளைஞருக்குப் புருவத்துக்கு மேலே தையல். கையில் பிடித்து அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரை வைஸில் (இறுக்குப் பிடியில்) தலைகீழாக இறுக்கி, பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு, கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் பிட்டைத் தேய்த்திருக்கிறார். டிஸ்க் சிதறிவிட்டது. “எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள்?” என்று என்னையே கேட்கிறார்.

அந்த டிஸ்க்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். விளிம்பால் நேராக அறுப்பதற்கென்றே செய்யப்பட்டது. பக்கவாட்டில் அழுத்தினால் தாங்காது, உள்ளே வலுவுக்காக இழை வலை இருந்தாலும் தாங்காது. நான்கு அங்குல மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றும்போது டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உடையும் துண்டும் அந்த வேகத்தில்தான் முகத்துக்கு வரும். மூடியை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு இனிப் பொறுமை இல்லை.

இத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு தவறான எண்ணம்தான் இருக்கிறது. முனை ஊசியாக இருந்தால் பிட் கூராகிவிட்டதாம்! ஒரு புது பிட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நட்ட நடுவில் ஊசி இருக்காது, சின்னதாக ஒரு குறுக்குக் கோடு இருக்கும். அந்தக் கோடு இரும்பை நசுக்கி ஒதுக்குமே தவிர, ஒழுங்காக வெட்டாது. வெட்டுபவை அதன் இருபுறமும் உள்ள இரண்டு விளிம்புகள். அவை இரும்புக்குள் இறங்க வேண்டுமானால், விளிம்புக்குப் பின்னால் உள்ள பரப்பு சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். சாதாரண இரும்புக்கு அந்தப் பின்சரிவு 8 முதல் 12 டிகிரி. நீங்கள் செய்வது என்ன? பென்சில் சீவுவதுபோல் பிட்டைச் சுழற்றிச் சுழற்றித் தேய்க்கிறீர்கள். பளபளவென்று அழகான கூம்பு கிடைக்கிறது, பின்சரிவு போய்விடுகிறது. பின்பக்கம் முதலில் இரும்பில் உரசும், விளிம்பு தொடவே தொடாது. முனையை இன்னும் எவ்வளவு ஊசியாக்கினாலும் அது வெட்டாது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! தலையாட்டிவிட்டுப் போய் மறுபடியும் கூம்பாகவே தேய்த்துக்கொண்டு வருகிறார்கள்.

வெட்டாத பிட்டை மனிதர்கள் என்ன செய்வார்கள்? உடம்பின் எடையைப் போட்டு அழுத்துவார்கள். புகை வரும். துளை மறுபக்கம் திறக்கும் நொடியில் பிட் கவ்விக்கொள்ளும், டிரில் மணிக்கட்டை முறுக்கும், அல்லது பிட் ஒடியும். என்னிடம் வரும் கைக்காயங்களில் பெரும்பாலானவை சாணை பிடிக்கும்போது பட்டவை அல்ல, கெட்ட சாணையை நம்பி அழுத்தியபோது பட்டவை.

முறையாகச் செய்ய பெஞ்ச் கிரைண்டர், அதாவது மேசையில் பொருத்திய சாணைக்கல் மெஷின் வேண்டும். சாதாரண பிட்டின் முனைக் கோணம் 118 டிகிரி. அதாவது கல்லின் முகப்புக்கும் பிட்டுக்கும் இடையே 59 டிகிரி. வெட்டு விளிம்பு மேல்நோக்கிப் படுக்கையாக இருக்கட்டும். விளிம்பை முதலில் தொட வையுங்கள், பிறகு பிட்டின் வால்பக்கத்தை மெல்லக் கீழே இறக்குங்கள். பின்சரிவு தானாக விழும். மறுபக்கத்துக்கும் அதே அளவு, அதே அழுத்தம். ஒரு விளிம்பு நீண்டுவிட்டால் துளை பெரிதாகிவிடும். சரியாக வந்திருந்தால் துளையிடும்போது இருபுறமும் இரும்புச் சுருள் வரும். ஒரே பக்கம் வந்தால் மறுபடி கல்லுக்குப் போங்கள்.

எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் லேசாக நீலம் பாய்ந்தால் பதற வேண்டாம், அந்த எஃகு அதைத் தாங்கும். ஆனால் செக்கச் செவேலென்று காய்ந்ததைத் தண்ணீரில் முக்காதீர்கள், நுண்விரிசல் விழும். சுவர் துளைக்கும் பிட்டின் நுனியில் இருப்பது கார்பைடு, எஃகைவிடக் கடினமானது. சாம்பல் நிறக் கல்லில் அதைத் தேய்த்தால் கல்தான் தேயும், அதற்குப் பச்சைக் கல் தனியாக உண்டு.

கருவியை வைக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம், பிட் உள்ளே இழுபட்டுவிடும். புதிய கல்லை மாட்டும் முன் மரக் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்காத கல்லை எறிந்துவிடுங்கள். மாட்டியபின் ஒரு நிமிடம் ஒதுங்கி நின்று ஓட விடுங்கள். தோளில் துண்டு கூடாது. கையுறையும் கூடாது, ஆம், கையுறைதான், அது விரலோடு சேர்த்து இழுக்கும். மூக்குக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது, பொறி பக்கவாட்டிலும் வரும். கண்ணில் துகள் விழுந்துவிட்டால், தயவுசெய்து, துணி முனையால் எடுக்கச் சொல்லி யாரிடமும் கண்ணைக் காட்டாதீர்கள். அது இரும்பு, கருவிழியிலேயே துருப்பிடிக்கும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

3 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிட்டுகளை என்னிடம் கொண்டுவராதீர்கள், நீங்களும் தேய்க்காதீர்கள். புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவற்றுக்கு பெஞ்ச் கிரைண்டர் இல்லையென்றால் பக்கத்து லேத் பட்டறையில் கொடுங்கள், டீ குடித்துவிட்டு வருவதற்குள் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.