நிரப்பு வழி

அகதி ஒருவர் தன் தொழில்திறனையோ படிப்பையோ காட்டி, விசா பெற்று, சொந்த நாடும் தஞ்சம் புகுந்த நாடும் அல்லாத மூன்றாம் நாட்டுக்குப் போகும் வழியை ஐ.நா. அகதிகள் முகமை 'காம்ப்ளிமென்டரி பாத்வே' என்கிறது. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அகதிகள் உலக உடன்பாட்டிலும் இச்சொல் உண்டு. இதன் இலத்தீன் வேருக்கு 'நிறைத்தல்' என்று பொருள். தமிழில் இதை 'மாற்றுவழி' என்று எழுதுவது பிழை. முகமை பரிந்துரைத்து நாடுகள் அகதிகளை ஏற்கும் பழைய வழிக்குப் பதிலாக இது என்றாகிவிடும். இவ்வழியில் நூறு பேரை எடுக்கும் நாடு, வழக்கமான ஒதுக்கீட்டில் நூறைக் குறைத்தால் யாருக்கும் பயனில்லை. பள்ளிக் கணக்கில் படித்த 'நிரப்புக் கோணம்' இருக்கிறதே, அந்தச் சொல்லே சரி: நிரப்பு வழி.

அந்தப் பழைய வழியின் பெயரான 'ரீசெட்டில்மென்ட்' இன்னும் சிக்கல். சிவகங்கை மாவட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் 'மீள்குடியேற்றம்' என்றால் இலங்கைக்குத் திரும்பிச் சொந்தக் காணியில் குடியேறுவது என்றே கொள்வார்கள். 'மூன்றாம் நாட்டுக் குடியமர்வு' என்றால் குழப்பமில்லை. அதில் ஆபத்தையும் நலிவையும் பார்த்து முகமை பரிந்துரைக்கும். நிரப்பு வழியில் தகுதி பார்த்து முதலாளியோ பல்கலைக்கழகமோ தேர்ந்தெடுக்கும்.

கருத்து பழையது. 1925 முதல் 1929 வரை பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பே அகதிகளுக்கு வேலை தேடித் தந்தது. கனடாவின் மாணவ அகதித் திட்டம் 1978-லும், தொழில்வழித் திட்டம் 2018-லும் தொடங்கின.

வணிகத்துக்காகக் கடல்கடந்து போவதைச் செட்டிநாட்டில் 'கொண்டுவிக்கப் போதல்' என்பார்கள். அதோடு இதைச் சேர்க்கக் கூடாது. பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவருக்குத் திரும்பிவர வீடு இருந்தது. மாணவர் விசா தருவோரும் 'படித்து முடித்துத் திரும்புவேன்' என்பதற்குச் சான்று கேட்பார்கள். அகதியால் அதைத் தர முடியாது. விண்ணப்பம் அங்கேதான் விழுகிறது. கனடாவின் மாணவ அகதித் திட்டத்தில் நிரந்தர வசிப்புரிமை விசாவிலேயே அழைப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

முகாமில் தடுக்குவது பெரும்பாலும் தாள்கள். இங்கே பிறந்த பிள்ளைக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்த பிறகுதான் பாஸ்போர்ட் கேட்க முடியும். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதவும் பாஸ்போர்ட் வேண்டும். மதிப்பெண் 2 ஆண்டுக்கே செல்லும், அதனால் முந்தி எழுதாதீர்கள். பெயின்டிங் வேலைக்கு நாட்கூலி கையில் வருவதால் பத்து வருட அனுபவத்துக்கும் ஒரு தாள் இராது. கான்ட்ராக்டரிடம் வேலை வகை, தேதி, தொலைபேசி எண் குறித்த கடிதத்தை அவ்வப்போதே வாங்கிவிடுங்கள். முகாம் பதிவு, மார்க் ஷீட், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். விசா வந்தபின்னும் இந்தியாவை விட்டுக் கிளம்ப வெளியேறும் அனுமதி தனியாக வாங்க வேண்டும். அது கைக்கு வராமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.